மகரந்தத்தின் யாத்திரை

நெய்வேலிச் சுரங்கத்தின் விளிம்பில் நின்று நோக்குவோருக்கு, ராட்சதச் சக்கர இயந்திரங்கள் ஐம்பது மீட்டருக்கும் மேற்பட்ட கனமுள்ள மேல்மண்ணை வாரி எறிந்த பின்னர் ஆழத்தே கரும்பழுப்பாகப் படுகையிட்டுக் கிடக்கும் நிலக்கரி, அனல் மின் நிலையத்துக்கு இரையாகும் எரிபொருளாகத் தோன்றுவது இயல்பு. ஆயினும் அப்படுகை முழுவதும் ஒரு காலத்தில் வெயிலில் தழைத்து, பூத்து, காய்த்து, விதை சிந்திச் சந்ததி வளர்த்த வனமொன்றின் சரீரம் என்பதைத் தாவர சாஸ்திரம் ஐயமற நிலைநாட்டியிருக்கிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்துக் கிணற்றில் நீரோடு கரிய பொருள் கலந்து வந்ததும், 1956-ல் நிலக்கரி நிறுவனம் தோன்றியதும், 1957 மே 20 அன்று பிரதமர் நேரு அகழ்வைத் தொடங்கிவைத்ததும், 1961 ஆகஸ்டில் கரிப்படுகை கண்ணுக்குப் புலப்பட்டதும் ஊரார் நன்கறிந்த சரித்திரம். அதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் முந்தியது அவ்வனத்து மலர்களின் சரித்திரம். அதை நமக்காகக் காத்து வைத்திருப்பது மகரந்தம்.

மகரந்தத் துகளின் குறுக்களவு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு, அல்லது அதற்குச் சற்றுக் கூடவோ குறையவோ இருக்கும். அத்தனை நுண்ணிய பொருளின் மேலுறை, ஸ்போரோபொலெனின் என்னும் வஸ்துவால் ஆனதாகையால், இலையும் மரமும் உருத்தெரியாமல் கரியான பிறகும் அது சிதையாமல் நிற்கிறது. நிலக்கரியைப் பொடித்து, நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து, பின்னர்க் காரத்தில் கழுவினால் கரியின் பெரும்பகுதி கரைந்து போக, எஞ்சிய வண்டலை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்க்கும்போது முள் முளைத்தவை, வலை பின்னியவை, ஒற்றைப் பள்ளம் கொண்டவை, மூன்று துளைகள் உடையவை என மகரந்த உறைகள் வரிசையாகத் தென்படும். ஒவ்வொரு தாவர இனத்துக்கும் உரிய உருவம் அவ்வுறையில் பொறிக்கப்பட்டிருப்பதால், எந்தெந்தக் குடும்பத்து மரங்கள் அவ்வனத்தில் பூத்தன என்று அதைக் கொண்டே கூறிவிடலாம். நெய்வேலியை உள்ளடக்கிய தென்னார்க்காட்டு நிலக்கரியின் மகரந்தங்களைப் பற்றி ஸி. ஜி. கே. ராமானுஜம் 1966-ல் விரிவான ஆராய்ச்சி ஒன்றை வெளியிட்டார். பனைக் குடும்பத்து மரங்களும் இங்கே செழித்திருந்ததை இத்தகைய ஆராய்ச்சிகளால் அறிகிறோம்.

பழைய துகளை இன்னதென்று துணிய வேண்டுமானால், இன்று வாழும் தாவரங்களின் மகரந்தங்களை ஒப்பு நோக்குவதற்குத் தொகுத்து வைத்திருத்தல் அவசியம். அப்படிப்பட்ட மாபெரும் தொகுப்பொன்று அண்டையிலுள்ள புதுச்சேரியில், 1955-ல் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிறது. அங்கே மகரந்த ஆராய்ச்சிக் கூடத்தை நடத்திய தணிகைமணி, 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சி விமான நிலையத்தில் நிகழ்ந்த விமானக் கடத்தலில் உயிர் நீத்தார். அவர் பெயர் தாங்கி நிற்கும் அத்தொகுப்பு, உலகெங்கிலுமிருந்து வரும் ஆராய்ச்சியாளருக்கு இன்றும் வழிகாட்டி வருகிறது.

இவ்வளவு உறுதியான உறை எதன்பொருட்டு என்று கேட்டால், விடை மரத்தின் நிலைமையிலேயே இருக்கிறது. ஸ்தாவரம் நின்ற இடத்தை விட்டு நகராது. துணையை நாடிச் செல்லவும் இயலாது. ஆண் பனை வேறு, பெண் பனை வேறு என்பதை நம் கிராமத்தார் வழிவழியாக அறிவார்கள். ஒன்றின் அணு மற்றொன்றின் சூலை அடைய வேண்டுமானால், வறட்சியையும் வெயிலையும் தாங்கிக் காற்றிலோ பூச்சியின் உடலிலோ யாத்திரை செய்யவல்ல வாகனம் ஒன்று வேண்டும். அவ்வாகனமே மகரந்தம்.

யாத்திரை முடிந்து சூலகமுடியில் வந்து படிந்த துகள், அங்குள்ள ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, தன் உறையிலுள்ள துளையின் வழியே மெல்லிய குழாய் ஒன்றை நீட்டுகிறது. இத்தாலியரான அமிச்சி என்பார் இதனை முதன்முதலில் கண்டு 1824-ல் வெளியிட்டார். அவர் கண்டது நாம் கடைந்து உண்ணும் பருப்புக்கீரையின் பூவில். அக்குழாய் சூலகத் தண்டின் ஊடே இறங்கிச் சூலை அடைந்து, தான் சுமந்து வந்த இரண்டு ஆண் அணுக்களையும் உள்ளே விடுகிறது. ஒன்று கருமுட்டையோடு கூடி முளையாகிறது. மற்றொன்று சூலின் நடுவேயுள்ள இரட்டை உட்கருக்களோடு கூடி, அம்முளைக்கு வேண்டிய உணவாகிய முளைசூழ்தசையை உண்டாக்குகிறது. இவ்விரட்டைக் கருவுறுதலை 1898-ல் ருஷ்ய விஞ்ஞானி நவாஷின் லில்லி இனத்து மலர்களில் கண்டறிந்தார். நாம் பருகும் இளநீர், தென்னையின் முளைசூழ்தசை திரவமாக இருக்கும் நிலையே. அரிசியின் பெரும்பகுதியும் அத்தகைய தசையே. நம் தேசத்தில் பி. மகேசுவரி, 1950-ல் வெளியிட்ட நூலின் மூலம் தாவரக் கருவியல் என்னும் இத்துறைக்கு உலகளாவிய ஆதாரத்தை அளித்ததோடு, தில்லியில் தம் சகாக்களுடன் கசகசாச் செடியின் சூல்களைச் சோதனைக் குழாயிலேயே கருவுறச் செய்தும் காட்டினார்.

இத்தத்துவங்களைக் கண்ணாரக் காண விரும்புவோர் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. தை பிறந்ததும் நெய்வேலியைச் சூழ்ந்த முந்திரித் தோப்புகளுக்குள் நுழைந்து, தாழ்ந்த கொத்து ஒன்றை வளைத்துப் பார்த்தால், வெளிறிய சிறு பூக்களும், முதிர்ந்து இளஞ்சிவப்பான பூக்களும் ஒரே கொத்தில் கலந்திருக்கும். அவற்றுள் மிகப் பல ஆண் பூக்கள். சூலகமும் சேர்ந்த இருபால் பூக்கள் சிலவே. கேசரங்கள் பலவற்றுள்ளும் ஒன்றே நீண்டு வளர்ந்து, மகரந்தத்தை மிகுதியாக அளிக்கிறது. இருபால் பூ விரிந்தவுடன் சூலகமுடி மகரந்தத்தை ஏற்கத் தயாராகிவிடுகிறது. அப்பூவின் மகரந்தப்பையோ சில மணி நேரம் கழித்தே வெடிக்கிறது. அந்த இடைவேளையில் வேறொரு பூவிலிருந்து தேனீயோ ஈயோ எறும்போ கொண்டுவரும் மகரந்தத்துக்கு முதலிடம் கிடைக்கிறது. முந்திரியின் மகரந்தம் பிசுபிசுப்பானதாகையால் காற்றினால் பெரிதும் பயனில்லை. பூச்சிகளின் தயவே பிரதானம். கருவுற்றபின் முதலில் கொட்டை பருத்து, அதற்குப் பின்னரே காம்பு உப்பிப் பழமாகிறது. இரண்டாகப் பிளக்கும் முந்திரிப் பருப்போ, முளையின் இரண்டு வித்திலைகளே.

பலாவின் கதை இன்னும் விசித்திரமானது. ஒரே மரத்தில் ஆண் மஞ்சரியும் பெண் மஞ்சரியும் தனித்தனியே தோன்றுகின்றன. ஆண் மஞ்சரி மகரந்தத்தைச் சிந்திவிட்டுக் கருத்து, பூசணம் படர்ந்து உதிர்கையில், பிஞ்சே உதிர்ந்துவிட்டதென்று வீட்டார் வருந்துவதுண்டு. அது தன் கடமையை முடித்துக்கொண்டுதான் விழுகிறது. அப்பூசணத்தை நாடிவரும் சின்னஞ்சிறு ஈக்களே பலாவுக்கு மகரந்தத்தைக் கடத்துகின்றன என்று அமெரிக்காவின் புளோரிடாவில் நடந்த ஆராய்ச்சி ஒன்று 2018-ல் தெரிவித்தது. பண்ணுருட்டிச் சந்தையில் வாங்கிய பழம் ஒன்றை அரிந்து பாருங்கள்: ஒவ்வொரு சுளையும் கருவுற்ற ஒரு பூ, சுளைகளுக்கிடையே நார்நாராகக் கிடக்கும் சக்கை, மகரந்தம் கிட்டாமற்போன பூக்கள். ஒருபுறம் குழிந்து கோணலாகக் காய்த்த பலா, அப்புறத்துப் பூக்கள் கருவுறாமல் தவறியதற்குச் சாட்சியாகும்.

ஒட்டுக் கன்றுகளால் தாய்மரத்தின் குணங்களைப் பிசகாமல் பெருக்க நாம் கற்றிருக்கிறோம். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து முந்திரி இனங்கள் அவ்விதமே பரவின. ஆயினும் ஒட்டுதல் உள்ளதைப் பெருக்குமேயன்றிப் புதியதைச் சிருஷ்டிக்காது. இரு மரங்களின் குணங்கள் கலந்து, புதிய நோயையும் புதிய வறட்சியையும் தாங்கவல்ல சந்ததி பிறப்பது மலரின் வழியாகவே. ஆகவே முந்திரியைத் தாக்கும் பூச்சியாகிய தேயிலைக் கொசுவை ஒழிக்க மருந்து தெளிக்கும் குடியானவர்கள், பூச்சிகள் பூக்களை மொய்க்கும் வேளையைத் தவிர்த்து மாலையில் தெளிப்பது, தங்கள் மகசூலைத் தாங்களே காத்துக்கொள்வதாகும்.

மலரின்றிப் புதிய சந்ததி இல்லை என்பதையே சுரங்கத்துக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. தோண்டி முடித்த பள்ளங்களை மேல்மண்ணால் நிரப்பி, அதன்மேல் முந்திரி முதலிய மரக்கன்றுகளை நட்டு வந்திருப்பது போற்றத்தக்க காரியமே. எனினும் நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைக் கொண்டு காடு திரும்பிவிட்டதாகக் கணக்கிடுதல் போதாது. மனிதன் நட்ட மரம், மனிதனின் நினைவு உள்ளவரையே காடு. அந்த மண்ணில் பூண்டுகளும் புதர்களும் பூத்து, அவற்றைத் தேடித் தேனீயும் ஈயும் எறும்பும் வந்து குடியேறி, மகரந்தம் மரத்துக்கு மரம் மாறி, கருவுற்ற விதை விழுந்து, யாரும் நீர் வாராமலே ஒரு கன்று முளைத்து நிற்கும் நாளில்தான் அந்நிலம் வனத்துக்குத் திருப்பித் தரப்பட்டதாகும். ஆதலால் அம்மண்மேடுகளைக் கண்காணிப்போர், நட்டவற்றை எண்ணும் அதே சிரத்தையோடு தாமே முளைத்தவற்றையும் ஆண்டுதோறும் எண்ணிப் பதிவு செய்வார்களாக.