தங்கமீனும் தொட்டித் தண்ணீரும்

பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்டார்கள் என்று ஒரு சோடி தங்கமீன் வாங்கி, உருண்டைக் கண்ணாடிச் சாடியில் விட்டு, ஒரு கிழமைக்குள் அவை செத்து மிதப்பதைக் கண்டு மனம் நொந்த வீடுகள் பல. எங்கள் முதற் சோடியும் அப்படித்தான் போயிற்று. விற்றவர் நோய் பிடித்த மீனைத் தந்துவிட்டார் என்று அன்று பேசிக்கொண்டோம். பிழை எங்கள் தண்ணீரில் இருந்தது.

மீன் தன் கழிவின் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அமோனியாவாக வெளிவிடுகிறது. தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். ஆனால் மீன் அதற்குள் நஞ்சூறிக் கிடக்கும். பச்சைக் கோழி எருவை இட்டால் மிளகாய்க் கன்று கருகுவதைக் கமக்காரர் அறிவர். அங்கும் அமோனியாவுக்குப் பங்குண்டு. எருவை மக்க வைப்பவை நுண்ணுயிர்கள். தொட்டியையும் அவைதான் காக்கின்றன. ஒருவகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும், இன்னொரு வகை அதனை நைத்திரேற்றாக மாற்றும். நைத்திரைற்றும் நஞ்சே. நைத்திரேற்று அத்தனை கொடியதன்று. இந்தப் பற்றீரியாக்கள் வடிகட்டிப் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் குடியேறிப் பெருக 4 முதல் 6 கிழமைகள் செல்லும். ஆகவே முதலில் ஒரு மீனை மட்டும் விட்டு, தீனியைக் குறைத்து, தண்ணீரை அடிக்கடி சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். பழைய தொட்டி வைத்திருப்பவரிடம் ஊறிய பஞ்சுத் துண்டொன்று வாங்கிப் போட்டால் காலம் மிச்சம்.

துப்புரவு மிகுந்த வீடுகளில்தான் மீன் கூடுதலாகச் சாகிறது என்று சொன்னால் சிரிக்க வேண்டாம். கிழமைதோறும் முழுத் தண்ணீரையும் கொட்டி, கல்லையும் பஞ்சையும் தேய்த்துக் கழுவினால் பற்றீரியாவும் போய்விடும். கிழமைக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றினால் போதும். பஞ்சை, வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள்.

குழாய்நீரில் குளோரீன் இருந்தால், வாயகன்ற வாளியில் ஒருநாள் திறந்து வையுங்கள். அண்மையில் குளோரீன் இட்ட கிணற்று நீருக்கும் இதே கவனம் தேவை. சுண்ணக் கிணற்றின் கடின நீரைத் தங்கமீன் நன்றாகவே தாங்கும்.

மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றேகால் அடி உயரமுள்ள தொட்டி ஏறக்குறைய 100 லீற்றர் கொள்ளும். ஒரண்டா, ரியூகின், கறுப்பு மூர் போன்ற இரட்டைவால் மீன்களில் இரண்டு அதற்குப் போதும். இவை பருத்த உடலோடு மெல்ல நீந்துபவை. ஒற்றைவால் மீன்களோடு விட்டால் தீனி இவற்றுக்கு எட்டாது. தண்ணீர் சூடேற ஏற அதில் கரையும் ஒட்சிசன் குறையும். தங்கமீனோ குளிர்நீர்ப் பிராணி. எங்கள் வெயிலில் தொட்டியை நிழலில் வைத்துக் காற்றுப் பம்பியை ஓடவிடுவது அவசியம். மின்சாரம் நின்றால், குவளையால் அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருங்கள்.

தங்கமீனுக்கு இரைப்பை இல்லை. போட்டதையெல்லாம் தின்னும், பிறகு அவதிப்படும். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவை நாளுக்கு இருமுறை கொடுங்கள். உருண்டைத் தீனியைச் சற்று ஊறவைத்துப் போடுவது நல்லது. உண்டபின் தலைகீழாக மிதந்தால் ஒருநாள் பட்டினி போட்டு, அவித்துத் தோல் நீக்கிய பட்டாணியை நசித்துக் கொடுத்துப் பார்க்கலாம்.

வளர்க்க முடியாமற் போனால் வேறொருவருக்குக் கொடுங்கள்; குளத்தில் விடாதீர்கள். மேற்கு அவுஸ்திரேலியாவின் வாஸ் ஆற்றில் அப்படி விடப்பட்ட தங்கமீன்கள் பெருகி, ஒரு கிலோவுக்கு மேலும் வளர்ந்திருக்கின்றன.