ஸ்னேரில் பிடித்த நூல்

மதுரை அருகே திருமங்கலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் எழுதியிருந்தார். கிட்டார், பேஸ், டிரம்ஸ் என்று மூன்று பேர். தமிழில் சொந்தமாக எட்டு ராக் பாட்டு கட்டி, முதல் ஆல்பத்துக்குத் தயாராக இருக்கிறார்கள். ஒரு மடிக்கணினி, நான்கு மைக் செருகும் ஆடியோ இன்டர்ஃபேஸ், சேர்த்து வைத்த கொஞ்சம் பணம் இருக்கிறது. இன்னும் என்ன வாங்க வேண்டும் என்று கேட்டிருந்தார்.

ஒரு கண்டு நூல் வாங்கி வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று பதில் போட்டேன்.

காசு குறைவு என்பதற்காக அவர்கள் கலங்க வேண்டியதில்லை. நிர்வானா என்ற அமெரிக்க மூவர் குழுவின் முதல் ஆல்பம் 'பிளீச்' 1989இல் வந்தது. சியாட்டிலில் ஜாக் என்டினோ எட்டுத் தட நாடாவில் பதிவு செய்ததற்கு ஆன செலவு 606 டாலர் 17 சென்ட். அந்தப் பணத்தையும் ஜேசன் எவர்மேன் என்ற நண்பர்தான் கொடுத்தார். அதில் அவர் ஒரு ஸ்வரம்கூட வாசிக்கவில்லை. இருந்தும் உறையில் அவர் பெயரைப் போட்டார்கள். அந்த நன்றியுணர்வு எனக்கு மிகவும் பிடித்தது.

பேஸ் கிட்டாரைக் கம்பி வழியாக நேரே கணினிக்குள் அனுப்பிவிடலாம். குரலை நடுராத்திரியில் போர்வைக்குள் உட்கார்ந்துகூடப் பாடிக்கொள்ளலாம். டிரம்ஸ் அப்படி அடங்காது. அதற்கு இடம் வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட மைக் வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இதற்கு ஒரு பழைய வழி உண்டு. லெட் செப்பெலின் என்ற ராக் குழுவினர் தங்கள் முதல் ஆல்பத்தை 1968இல் லண்டன் ஒலிம்பிக் ஸ்டூடியோவில் ஏறக்குறைய 36 மணி நேரத்தில் முடித்தார்கள். ஒலிப்பதிவாளர் கிளின் ஜான்ஸ். டிரம்ஸுக்கு அவர் மைக் வைக்கும் முறை இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. ஒரு மைக் ஸ்னேர் என்ற சிறு டிரம்முக்கு நேர் மேலே, சுமார் ஒரு மீட்டர் உயரத்தில். இன்னொன்று வாசிப்பவரின் வலப்புறம், தரையில் நிற்கும் ஃப்ளோர் டாம் டிரம்முக்கு அப்பால், ஸ்னேரைப் பார்த்தபடி. காலால் அடிக்கும் கிக் டிரம்முக்குத் தனியாக ஒன்று. முக்கியமான விதி ஒன்றே ஒன்று: ஸ்னேரின் நடுப்புள்ளியிலிருந்து முதல் இரண்டு மைக்கும் சம தூரத்தில் இருக்க வேண்டும்.

ஏன்? மதுரை வெயிலில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் ஓடுகிறது. நொடிக்கு ஆயிரம் அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் 35 சென்டிமீட்டர். ஒரு மைக் அதில் பாதி, அதாவது பதினேழரை சென்டிமீட்டர் தள்ளியிருந்தால், இங்கே அலை மேடாக வரும்போது அங்கே பள்ளமாக வரும். இரண்டையும் கூட்டினால் மேடு பள்ளத்தை நிரப்பிவிடும், அந்த ஒலி செத்துப்போகும். ஒரு சாண்கூட இல்லாத தூரம்! வண்டியூர்த் தெப்பக்குளம் நிறைந்திருக்கும்போது இரண்டு கல்லை எறிந்து பாருங்கள். வளையங்கள் சந்திக்கும் சில இடங்களில் தண்ணீர் அசையாமல் நிற்கும்.

என் அப்பா கொத்தனார். தூக்குக்குண்டும் ரசமட்டமும் பையில் இருந்தாலும், நூல் பிடிக்காமல் ஒரு வரிசைகூடக் கட்டமாட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய மொட்டைமாடி அறையில் நூலின் ஒரு முனையை ஸ்னேர் தோலின் நடுவில் விரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை மேல் மைக்கின் வாய்வரை இழுத்து முடிச்சுப் போட்டபோது அவர் ஞாபகம்தான் வந்தது. அதே நூலைப் பக்கவாட்டு மைக்குக்குத் திருப்பினோம். நாலு விரற்கடை எட்டவில்லை. அப்படியே ஒரு பதிவு எடுத்துக்கொண்டோம். ஸ்டாண்டை நகர்த்தி முடிச்சுக்கு வந்த பிறகு மறுபடி பதிவு செய்து, இரண்டையும் செல்போனில் போட்டுக் கேட்டோம். முதலாவதில் ஸ்னேர் வெறும் தகரமாகக் கேட்டது. இரண்டாவதில் உடம்பு இருந்தது. ஒற்றை ஸ்பீக்கரில் எல்லாத் தடமும் ஒன்றாகக் கூடிவிடுவதால், இந்தக் குறை அங்கேதான் பளிச்சென்று தெரியும். நம் ஜனங்களில் பலர் பாட்டுக் கேட்பதும் அப்படித்தான்.

அந்த அறைச் சுவரெங்கும் முட்டை அட்டை ஒட்டியிருந்தார்கள். யார் கிளப்பிவிட்டதோ, இது ஊர் ஊராகப் பரவிவிட்டது. முட்டை அட்டை அடுத்த வீட்டுக்குப் போகும் சத்தத்தைத் தடுக்காது. கணகணவென்று எதிரொலிக்கும் மேல் ஒலிகளைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். கனமான இலவம்பஞ்சு மெத்தை நாலைச் சுவரோரம் நிறுத்தினால் அதைவிடப் பல மடங்கு பயன் உண்டு.

ஆனால் மெத்தை கொடுக்காத ஒன்று உயரம். தலையில் இடிக்கும் கூரையின் கீழ் சிம்பல் ஒலி உடனே திரும்பி வந்து எல்லாவற்றையும் கலக்கிவிடுகிறது. நல்ல டிரம்ஸ் ஒலிக்கு உயர்ந்த கூடம் வேண்டும். இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராசன் தம்பிகளை அழைத்துக்கொண்டு பண்ணைப்புரத்திலிருந்து புறப்பட்டபோது, ஊருக்கு ஊர் மேடை கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். இன்று சொந்தப் பாட்டு வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் ஒரு கூடம் கிடைப்பதில்லை.

மதுரையைச் சுற்றி எத்தனை கல்யாண மண்டபங்கள்! உயர்ந்த கூரை, அகன்ற மேடை, மணமகன் அறையில் மெத்தை, கட்டுக்கட்டாக ஜமக்காளம், எல்லாம் இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கின்றன. மண்டபக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த ஆடியில் இரண்டு நாள், கரண்டு பில்லுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு, இந்த மூவருக்குச் சாவியைக் கொடுங்கள்.