வடக்குப்பட்டில் 12,000 வருடத்துக்கு முன்பே பட்டறை ஓடியது, தெரியுமா?

லீவு வந்தால் வீட்டில் யாராவது ஒருவர் கரீபியன் தீவு என்று ஆரம்பிப்பார். எரிமலை, பவளப்பாறை, ஆதிகுடிகள் விட்டுப்போன கல் ஆயுதம், கடற்கொள்ளைக்காரர் கதை, எல்லாம் ஒரே தீவில்! டிக்கெட் விலையைப் பார்த்ததும் பேச்சு மாறிவிடும். எரிமலையையும் பவளப்பாறையையும் கொள்ளைக்காரரையும் கழித்துவிட்டால் மீதிச் சரக்கு தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் போய்ச் சேரும் தூரத்தில் கிடக்கிறதே, தெரியுமா?

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரகடம். கார், லாரி, புல்லட், டயர் என்று சக்கரம் வைத்த எல்லாவற்றுக்கும் இங்கே ஒரு கம்பெனி உண்டு. கண்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போனால் பக்கத்திலேயே வடக்குப்பட்டு, குன்றத்தூர் வட்டத்துக் கிராமம். 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை இங்கே ஒரு பழைய மேட்டில் குழி போட்டது. ஒரு மீட்டர் ஆழம்கூடப் போகவில்லை. கைக்கோடாரி, சுரண்டி, வெட்டுக்கருவி என்று கல்லாயுதங்கள் வந்துவிட்டன! வயது சுமார் 12,000 ஆண்டு என்றார்கள் தோண்டியவர்கள். அதைவிடப் பெரிய செய்தி, கருவிகளை இங்கேயே செய்திருக்கிறார்கள் என்பது. அதாவது ஒரகடத்தின் முதல் உற்பத்திக்கூடம் எந்தக் கார் கம்பெனியும் இல்லை!

ஓரிடத்தில் ஆயுதம் செய்தார்களா, வேறெங்கோ செய்து இங்கே கொண்டுவந்தார்களா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் தெரியுமா? கழிவை வைத்து. நாற்காலி மட்டும் கிடந்தால் அது வீடு, மரச்சீவலும் சேர்ந்து கிடந்தால் தச்சுப்பட்டறை. கல்லிலும் அதே கணக்குத்தான். ஒரு கல்லால் இன்னொரு கல்லின் விளிம்பில் சரியான கோணத்தில் தட்டினால் கூரான சில்லு தெறிக்கும். தட்டத் தட்டச் சில்லுகள் குவியும், நடுவில் கருக்கல் மிஞ்சும், சரியாக வராமல் உடைந்து தூக்கிப்போட்டதும் கிடக்கும்.

சரி, கல் தானாக உருண்டு உடைந்திருக்கக் கூடாதா? கூடும். ஆனால் மனிதன் தட்டிய சில்லை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அடி விழுந்த புள்ளிக்குச் சற்றுக் கீழே ஒரு சின்னப் புடைப்பு தெரியும், விரலால் தடவினாலே அகப்படும். கருக்கல்லில் அதே அளவுக்கு ஒரு பள்ளம். அடி விழுந்த புள்ளியிலிருந்து வளையம் வளையமாக அலை ஓடியிருக்கும். பல தடவை, ஒரே திசையில், ஒரு வேலைக்கென்று தட்டிய வரிசை தெரிந்தால் ஆய்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

கரீபியனிலும் இப்படி ஒரு இடம் உண்டு. ஆன்டிகுவாவை ஒட்டிய லாங் ஐலண்ட் என்ற குட்டித் தீவில் கிடைத்த சக்கிமுக்கிக் கல்லைப் படகில் ஏற்றிச் சுற்றுவட்டாரத் தீவுகளுக்கெல்லாம் கொண்டுபோனார்கள் ஆதிகுடிகள். ஆனால் பெரும்பாலான கரீபியன் தீவுகளில் மனிதன் கால்வைத்தே ஆறாயிரம் வருடம் போலத்தான் ஆகிறது. வடக்குப்பட்டின் வயது அதைப் போல இரண்டு மடங்கு!

இதெல்லாம் சும்மா. இனிமேல்தான் தலைசுற்றல்.

1863 மே 30. பல்லாவரத்தில் சரளைக்கல் தோண்டிய குழியில் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற வெள்ளைக்காரர் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். அவர் தொல்லியல்காரர்கூட இல்லை, நிலவியல் துறையில் பாறை அளக்க வந்தவர். எடுத்தது கைக்கோடாரி! இந்தியாவில் பழைய கற்கால மனிதன் இருந்தான் என்பதற்கு முதல் சாட்சி அந்தக் கல்தான். டார்வின் புத்தகம் வெளிவந்து நாலே வருடம். ஆதிமனிதன் கல்லாயுதம் செய்தான் என்பதை ஐரோப்பாவே அப்போதுதான் முனகிக்கொண்டு ஒத்துக்கொண்டிருந்தது. சில மாதம் கழித்து, அதே வருடம் செப்டம்பரில், வில்லியம் கிங் என்ற தோழருடன் திருவள்ளூர்ப் பக்கம் கொசஸ்தலையாற்றங்கரை அதிரம்பாக்கத்துக்குப் போனார் ஃபுட். அங்கேயும் கல்லாயுதங்கள்! இந்த வகைக் கைக்கோடாரிகளுக்கு நம்மூர் பெயரை வைத்தே 'மெட்ராஸ் மரபு' என்று பாடப்புத்தகங்கள் பெயரிட்டன.

அதிரம்பாக்கத்தைப் பிற்பாடு தொல்லியலாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் வருடக்கணக்கில் பொறுமையாகத் தோண்டினார்கள். 2011-ல் 'சயன்ஸ்' இதழில் வந்த கணக்கு: இங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்கு சுமார் 15 லட்சம் வயது! நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸுக்கே மூன்று லட்சம்தான் ஆகிறது. அப்படியென்றால் அதைச் செய்தது நாம் இல்லை, நமக்கு முந்தைய ஒரு மனித இனம். பார்படோஸ் தெரியுமல்லவா, கிரிக்கெட் தீவு? பவளப்பாறை மெதுவாக மேலெழும்பி உண்டான அந்தத் தீவு கடலுக்கு மேல் தலைகாட்டியதே சுமார் பத்து லட்சம் வருடத்துக்குள்தான். அது தண்ணீருக்கடியில் கிடந்தபோது இங்கே ஒருவர் உட்கார்ந்து கல் தட்டிக்கொண்டிருந்தார். 2018-ல் 'நேச்சர்' இதழில் அடுத்த குண்டு: அதே இடத்தில் புதுப் பாணியில் சின்னச் சின்னச் சில்லுக்கருவி செய்யத் தொடங்கியது சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பு.

மறுபடி வடக்குப்பட்டு. கல்லாயுதத்தோடு முடிந்ததா? இல்லை. ரோமானிய ஆம்போரா சாடியின் உடைசல்கள், கண்ணாடி மணிகள், தங்கத் துணுக்கு, செங்கல் கட்டுமானம் என்று பிற்காலச் சரக்கும் அதே ஊரில் கிடைத்தது. ஆம்போரா அடியில் கூம்பி இருக்கும், தரையில் தானாக நிற்காது. கப்பலின் அடித்தளத்தில் ஒன்றோடொன்று நெருக்கிச் செருகி அடுக்கத்தான் அந்த வடிவம். மது, ஆலிவ் எண்ணெய், மீன் குழம்பு எல்லாம் அதில்தான் பயணம். பாலாறு கடலில் கலக்கும் இடத்தை ஒட்டிய வசவசமுத்திரத்திலும் ஆம்போரா கிடைத்திருக்கிறது. கடற்கரையில் கிடைப்பது சரி, உள்நாட்டுக் கிராமத்தில் ரோமச் சாடிக்கு என்ன வேலை? உள்ளூரில் வாங்க வசதியுள்ள யாரோ இருந்திருக்கிறார்கள் என்பதுதான் என் ஊகம். ஏற்றுமதி இறக்குமதி இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை!

இன்னும் கீழே போகலாமா? ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமானுஜர், அடுத்து செல்போன் கம்பெனி. நிலவியல் படித்தவருக்கு அந்தப் பெயர் ஒரு பாறையின் பெயர்! ஸ்ரீபெரும்புதூர்ப் படிவுப் பாறையில் பத்துக் கோடி வருடத்துக்கும் முந்தைய செடிகளின் இலைகள் அச்சாகப் பதிந்திருக்கின்றன. சைகஸ் போன்ற ஓலையுடைய 'டைலோஃபில்லம்' அவற்றில் ஒன்று. செடி மட்டுமா? கடல்வாழ் சிப்பிகளின் தடமும் அதே படிவில்! தொழிற்பேட்டை இருக்கும் பக்கம் ஒருகாலத்தில் கடல் வந்துபோயிருக்கிறது. இந்தப் பாறைகளை ஆராய்ந்து எழுதியவர் யார் தெரியுமா? அதே ஃபுட்!

பறவை வேண்டுமா? மழைக்காலம் முடிந்து ஏரி நிரம்பியிருக்கும்போது கரையில் நில்லுங்கள். இந்த வட்டாரமே ஏரிச் சங்கிலி, ஓர் ஏரியின் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரிக்கு வரவு. சேற்றில் மெதுவாக நடக்கும் நத்தைக்குத்தி நாரையைப் பாருங்கள். அதன் அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும். நத்தையைப் பிடித்துச் சதையை உருவ வாகான அலகு. குஞ்சுக்கு அந்தச் சந்து கிடையாது, வளர வளரத்தான் விழும்! கூழைக்கடா வந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் குன்றத்தூர் மலையில் ஏறி முருகனைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். பெரியபுராணம் எழுதிய சேக்கிழாரின் ஊரும் அதுதான்.

ஒரு விஷயம். வயல் வரப்பில் கூரான கல் ஏதாவது கண்ணில் பட்டால் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். எந்த இடத்தில், எந்த மண்ணடுக்கில் இருந்தது என்ற விவரம் போய்விட்டால் மிஞ்சுவது வெறும் கல். படம் பிடித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். கைக்கோடாரியைக் கிட்டத்தில் பார்த்தே தீர வேண்டுமென்றால் பூண்டியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. ஃபுட் சேகரித்தவை எழும்பூர் அருங்காட்சியகத்தில். அங்கே வெள்ளிக்கிழமை மட்டும் போய் நிற்காதீர்கள், லீவு!