முகாமுக்கு அனுப்பலாமா?

பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளை ஒரு நாள் சாயங்காலம் ஒரு தாளை நீட்டும். நாட்டு நலப்பணித் திட்டம், ஏழு நாள் சிறப்பு முகாம், கீழே பெற்றோர் கையெழுத்து போட ஒரு கோடு. வீட்டில் உடனே பேச்சு கிளம்பும். இதற்கு மார்க் உண்டா? டியூஷன் என்ன ஆவது? ராத்திரி எங்கே படுப்பார்கள்? எல்லாம் நியாயமான கேள்விகள்தான். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மார்க் கிடையாது. இரண்டு வருடம் ஒழுங்காக இருந்தால் சான்றிதழ் தருவார்கள், பிளஸ் டூ மொத்தத்தில் அது சேராது. நேரக் கணக்கு இப்படி: ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240. அந்த 120-இல் 20 மணி நேரம் பயிற்சிப் பேச்சு, 30 பள்ளி வளாகத்து வேலை, மீதி 70 ஊருக்குள். வாரத்துக்குப் பிரித்தால் இரண்டரை மணி நேரம்கூட வராது. இதனால் படிப்பு கெடும் என்று சொன்னால், வீட்டில் செல்போன் பார்க்கும் நேரத்தையும் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். முகாமில் தங்குவது பெரும்பாலும் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோதான். பெண் பிள்ளைகளோடு எந்த ஆசிரியை தங்குகிறார், கழிவறை எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொள்வது பெற்றோரின் உரிமை. தயங்காமல் கேளுங்கள்.

இந்தத் திட்டம் எப்படி வந்தது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சுதந்திரம் வந்த கையோடு ராதாகிருஷ்ணன் தலைமையிலான கல்விக் குழு, மாணவர்கள் விருப்பத்தின் பேரில் நாட்டுச் சேவை செய்யலாம் என்றது. ஐம்பதுகளின் கடைசியில் நேரு இன்னும் ஒரு படி போனார். பட்டம் வாங்க வேண்டுமென்றால் சமூக சேவை செய்திருக்க வேண்டும் என்று யோசித்தார். 1959-இல் சி.டி. தேஷ்முக் குழு அதற்கு ஒரு வடிவமே கொடுத்தது: பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போகும் ஒவ்வொருவரும் ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் வரை கட்டாய சேவை. கொஞ்சம் ராணுவப் பயிற்சி, கொஞ்சம் சமூக சேவை, கொஞ்சம் உடலுழைப்பு. அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது, யார் நடத்துவது என்று அது கிடப்பில் போனது. 1960-இல் பேராசிரியர் கே.ஜி. சையிதைன், மற்ற நாடுகளில் மாணவர்கள் எப்படிச் சேவை செய்கிறார்கள் என்று ஆராய்ந்து அறிக்கை தந்தார். அடுத்து வந்த கோத்தாரி குழு (1964–66), கல்வியின் எல்லாக் கட்டத்திலும் சேவை ஏதாவது ஒரு வடிவில் இருக்க வேண்டும் என்றது. கடைசியில் காந்தி நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று, மத்திய கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். மேல்நிலைப் பள்ளிகளுக்கு வந்தது பிறகுதான்.

தேஷ்முக் திட்டம் பணமில்லாமல் நின்றுபோனது நல்லதாகப் போயிற்று என்பது என் எண்ணம். அன்பைக் கட்டாயப் பாடம் ஆக்கினால் அது வருகைப் பதிவேட்டோடு முடிந்துவிடும். சேருவதும் சேராததும் பிள்ளையின் இஷ்டம் என்று இருக்கும் வரைக்கும்தான் அதில் உயிர் இருக்கும்.

சேர்ந்த பிறகு என்ன நடக்கிறது? காலையில் எழுந்து வரிசையாக நிற்பது, பிறகு களப்பணி, மதியம் யாராவது ஒரு டாக்டரோ வேளாண்மை அதிகாரியோ வந்து பேசுவது, மாலையில் வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போவது, இரவில் பாட்டும் நாடகமும். களப்பணி என்றால் சீமைக் கருவேலம் வெட்டுவது, வாய்க்கால் சுத்தம் செய்வது, மரக்கன்று நடுவது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மண்வெட்டி பிடித்துப் பழகாத ஐம்பது பிள்ளைகள் நாள் முழுக்கச் செய்யும் வேலையை ஒரு ஜேசிபி டீ நேரத்துக்குள் முடித்துவிடும். நட்ட கன்றுக்கு அடுத்த மாதம் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் போவதும் உண்டு. ஊருக்குக் கிடைக்கும் லாபத்தை மட்டும் பார்த்தால் முகாம் நஷ்டக் கணக்கு.

ஆனால் கணக்கெடுப்புக்குப் போகிற பிள்ளையைப் பாருங்கள். கையில் ஒரு படிவம். வீட்டில் எத்தனை பேர், கழிப்பறை உண்டா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, படிப்பை நிறுத்திய பிள்ளை யாராவது உண்டா. கடைசிக் கேள்விக்குப் பதிலாகத் தன் வயதுப் பெண் ஒருத்தி மில் வேலைக்குப் போய்த் திரும்பி வாசலில் நிற்பாள். இரண்டு பேருக்கும் பதினாறு வயது. அந்த இடத்தில் நன்னெறிப் புத்தகத்தின் எந்தப் பக்கமும் உதவாது. எப்படிக் கேட்பது, எங்கே நிறுத்துவது, முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். ‘ஐயோ பாவம்’ என்று பார்த்தால் எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடும் என்பது அங்கேதான் பிடிபடும்.

அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் சமையல் கொட்டகை. இன்றைக்கு வெங்காயம் உரிக்கிற குழு நாளைக்குப் பாத்திரம் கழுவும், மறுநாள் கழிவறை கூட்டும். கலெக்டர் ஆபீஸ் அதிகாரி மகனுக்கும் முறை உண்டு, ஆட்டோ ஓட்டுநர் மகளுக்கும் முறை உண்டு. அதன் பிறகு எல்லாரும் ஒரே பந்தி.

பந்தி என்று லேசாகச் சொல்லிவிட்டேன், நம் ஊரில் அது லேசான விஷயம் இல்லை. 1922-இல் விடுதலைப் போராட்டக்காரர் வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் ஒரு குருகுலம் தொடங்கினார். தேசப்பற்றும் உழைப்பும் ஒழுக்கமும் உள்ள இளைஞர்களை உருவாக்குவதுதான் நோக்கம். காங்கிரஸ் பணம் கொடுத்தது, தமிழர்கள் நன்கொடை கொடுத்தார்கள். ஐயரின் தியாகத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. ஆனால் அங்கே பிராமண மாணவர் இருவருக்குச் சாப்பாடு தனியாக நடந்தது. விஷயம் வெளியே வந்ததும், அப்போது காங்கிரஸில் இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து நின்றார்கள், காந்தி வரைக்கும் போனது. 1925-இல் ஐயர் குருகுலப் பொறுப்பை விட்டார். அந்த ஆண்டின் கடைசியில் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறியதற்கான காரணங்களில் அந்தத் தனிச் சாப்பாடும் ஒன்று. வகுப்பில் எவ்வளவு உயர்ந்த பாடம் நடந்திருந்தாலும், இலை போட்ட இடம் வேறொரு பாடத்தை நடத்திக்கொண்டிருந்தது. பிள்ளைகள் இரண்டாவதைத்தான் மனப்பாடம் செய்வார்கள்.

அதனால்தான் ‘மாணவர்களே பள்ளியைச் சுத்தம் செய்கிறார்கள்’ என்று யாராவது பெருமையாகச் சொன்னால் நான் உடனே தலையாட்டுவதில்லை. எந்த மாணவர்கள்? பட்டியல் சாதிப் பிள்ளைகளை மட்டும் கழிவறை கழுவ வைத்த செய்திகளை நாம் படித்துக்கொண்டுதானே இருக்கிறோம். துடைப்பம் எல்லார் கைக்கும் முறை வைத்து வந்தால், ஆசிரியர் கைக்கும் வந்தால், அது குணத்தை வளர்க்கும். ஒரு சிலர் கைக்கு மட்டும் வந்தால் அது பழைய கொடுமைதான், புதுப் பெயரில்.

முகாமில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து அன்றைக்குப் பார்த்ததைப் பேசுகிறார்களா என்பது. சேவை வழியாகக் கற்பதைப் பற்றிய 62 ஆய்வுகளை அமெரிக்க ஆய்வாளர்கள் 2011-இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். சேவையில் ஈடுபட்ட மாணவர்களிடம் படிப்பிலும் பிறரோடு பழகுவதிலும் முன்னேற்றம் தெரிந்தது. செய்த வேலையைப் பாடத்தோடு இணைத்து, மாணவர்களையே திட்டமிடவிட்டு, பிறகு அதைப் பற்றி யோசிக்கவும் வைத்த இடங்களில் பலன் கூடுதலாக இருந்தது. நம் முகாம்களில் முதலில் வெட்டுப்படுவது இந்தப் பேச்சு நேரம்தான். பேனர் கட்டி, விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தி, துடைப்பத்தோடு போட்டோ எடுப்பதற்கே பொழுது போய்விடுகிறது. எல்லா முகாமும் அப்படி இல்லை. முகாமை நடத்தும் ஆசிரியராக நல்ல திட்ட அலுவலர் வாய்த்த பள்ளியில் பிள்ளைகள் வருடா வருடம் அதே ஊருக்குப் போவார்கள், போன வருடம் நட்ட கன்றைப் போய்ப் பார்ப்பார்கள்.

ஆகவே கையெழுத்து போடும் முன் திட்ட அலுவலரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். சமையலும் துப்புரவும் எல்லாருக்கும் முறை வைத்து நடக்குமா? இரவில் பேசுவதற்கு நேரம் ஒதுக்கியிருக்கிறீர்களா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் தாராளமாக அனுப்புங்கள். தனியாகத் தின்பண்டம் மட்டும் கட்டிக் கொடுத்து அனுப்பாதீர்கள்.