காலடி மண் – 12: கல் பாதி, மண் பாதி

மண் ஆய்வாளர்களின் கையில் எப்போதும் ஓர் இரும்புக் குழாய் இருக்கும். தரையில் இறக்கி உருவினால் அடுக்கு கலையாமல் மண் வந்துவிடும். தஞ்சாவூர் வயலில் இது நிமிட வேலை. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஒயிட் மவுண்டன்ஸ் மலைக்காட்டில் அந்தக் குழாய் செல்லாது. ஒரு சாண் இறங்குவதற்குள் ‘டங்’கென்று கல்லில் முட்டி நிற்கும். அரை அடி தள்ளிக் குத்தினால் அங்கே இன்னொரு கல்.

அந்த மலையில் ஹப்பர்டு புரூக் என்ற ஆய்வுக்காடு இருக்கிறது. 1955-இல் அமெரிக்க வனத்துறை அமைத்தது. குழாய் பயன்படாது என்று தெரிந்ததும் அங்கிருந்த ஆய்வாளர்கள் மண்வெட்டியையும் கடப்பாரையையும் எடுத்தார்கள். அரை சதுர மீட்டர் அளவில் ஒரு சட்டத்தைத் தரையில் பதித்து, அதற்குள் இருப்பதை அடுக்கடுக்காகத் தோண்டிச் சலித்து, கல் தனி, வேர் தனி, மண் தனி என்று எடை போட்டார்கள். 1983-இல் ஒரே ஒரு ஓடைச் சரிவில் மட்டும் இப்படிச் சுமார் 60 குழிகள் தோண்டினார்கள். இத்தனை பாடு எதற்கு என்றால், கல்லிடுக்கில் கிடைத்த ஒரு பிடி மண்ணைப் பரிசோதித்து அதைக் குழியின் முழு அளவுக்கும் பெருக்கினால், கணக்கில் சத்து ஏகமாக இருக்கும், நிலத்தில் இருக்காது. கல் அடைத்துக்கொண்ட இடத்தைக் கழித்தால்தான் உண்மை தெரியும்.

இவ்வளவு கல் எங்கிருந்து வந்தது? வட அமெரிக்காவின் பாதியை மூடிக் கிடந்த பனிப்பாளம் நகர்ந்தபோது பாறைகளைச் சுரண்டி அரைத்து இழுத்து வந்தது. சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முன் அது உருகிப் பின்வாங்கியபோது எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுப் போனது. ஆற்று வண்டல் என்றால் கனமானது முன்னே, நைசானது பின்னே என்று தரம் பிரிந்து படியும். பனிப்பாளத்துக்கு அந்த வேலையெல்லாம் கிடையாது. வீட்டளவு உருண்டைப் பாறையும் மாவளவு பொடியும் ஒரே கலவையாகக் கிடக்கும். மலை முகட்டில் மண்ணே இல்லாத வெறும் பாறை; சரிவின் அடியில் பல மீட்டர் ஆழம். மண்ணுக்கு 14,000 ஆண்டு என்பது சின்ன வயது. கல் கரைந்து மண்ணாக அந்தக் குளிரில் அவகாசம் போதவில்லை.

குளிர் இன்னொன்றும் செய்யும். கல்லைக் கிளப்பி மேலே கொண்டுவரும். மண்ணில் இருக்கும் நீர் உறையும்போது, கீழே உறையாமல் இருக்கும் ஈரத்தையும் தன்பக்கம் இழுத்துப் பனித்தகடாகப் பருக்கும். அந்தத் தகடு மண்ணோடு கல்லையும் சேர்த்துத் தூக்கும். வசந்தத்தில் பனி இளகும்போது கல்லுக்கு அடியில் உண்டான வெற்றிடத்தில் பொடிமண் சரிந்து விழுந்துவிடும். கல் பழைய இடத்துக்குத் திரும்ப வழியில்லை. காட்டை வெட்டி உழுத, நியூ இங்கிலாந்து எனப்படும் இந்த வடகிழக்குப் பகுதியின் சம்சாரிகள், ஒவ்வொரு வசந்தத்திலும் வயலில் புதுக்கல் முளைத்திருக்கக் கண்டார்கள். பொறுக்கிப் பொறுக்கி வரப்போரம் அடுக்கினார்கள். 19-ஆம் நூற்றாண்டில் பலர் கல்லில்லாத மேற்குச் சமவெளியைத் தேடிப் போய்விட, காடு திரும்ப வளர்ந்தது. இன்று நடுக்காட்டில் நீளும் அந்தக் கல்சுவர்களை ஏதோ கோட்டை மதில் என்று நினைத்துவிடக் கூடாது. பழைய வரப்புகள்தான்.

குழியின் பக்கச் சுவரைப் பார்த்தால் மூன்று நிறம் தெரியும். மேலே கறுப்பாக, இரண்டு முதல் இருபது சென்டிமீட்டர் வரை, பாதி மக்கிய இலைதழை. அதன் கீழே வெளிறிய சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. அதற்கும் கீழே துருச்சிவப்பு. மக்கும் இலையிலிருந்து இறங்கும் அமில நீர், நடுப்பட்டையின் இரும்பையும் அலுமினியத்தையும் கரைத்து எடுத்துக்கொண்டு போய்க் கீழே படியவைக்கிறது. மிச்சம் நிற்பது வெறும் படிகக்கல் மணல். இதுதான் பாட்ஸால் மண். அமிலம் ஏற ஏற இறங்கும் பிஎச் அளவு இங்கே 4.5-க்கும் கீழே. இதில் மரம் சாப்பிடுவது பெரும்பாலும் அந்தக் கறுப்புத் தோலிலிருந்துதான். நுண்வேர்கள் அங்கேதான் மொய்த்துக் கிடக்கும். நம் ஊரில் உழவனின் நண்பன் என்று பெயர் வாங்கிய மண்புழு இந்தப் பனிப்பாளப் பூமிக்குச் சொந்தமில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த மண்புழுக்கள் புகுந்த வட அமெரிக்கக் காடுகளில், மக்க வேண்டிய இலைப்படுகையை அவை தின்று தீர்த்து, நாற்றுகளுக்கு இடமில்லாமல் செய்துவிடுகின்றன.

கறுப்புத் தோலின் சத்தை வேர்கள்தான் பிடித்து வைக்கின்றன என்பதை ஹப்பர்டு புரூக் விளக்கமாகவே காட்டியது. 1963-இல் ஹெர்பர்ட் போர்மன், ஜீன் லைக்கன்ஸ் முதலானோர் தொடங்கிய ஆய்வின் அடிப்படை எளிது. அடியில் நீர் கசியாத பாறை. எனவே சரிவில் பெய்யும் மழையில் ஆவியாகாத மிச்சம் ஓடை வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஓடையின் குறுக்கே வி வடிவக் கலிங்கு கட்டி, வருவதையும் போவதையும் அளந்தார்கள். ஒரு சரிவில் மரங்களையெல்லாம் வெட்டி, களைக்கொல்லி அடித்து, எதுவும் துளிர்க்காமல் வைத்தபோது ஓடைநீரில் நைட்ரேட் 40 மடங்குக்கும் மேல் ஏறியது. பிடித்து வைக்க வேர் இல்லையென்றால் சத்து நிற்காது.

அதே 1963-இல் சேகரித்த முதல் மழைநீரின் பிஎச் 3.7. அமில மழை. தொலைவிலிருந்த நிலக்கரி மின் நிலையங்களின் கந்தகப் புகை செய்த வேலை அது. சுண்ணாம்புச் சத்து குறைந்த கல், மெதுவாகக் கரையும் கல். அங்கே கையிருப்பில் இருந்த கொஞ்சம் கால்சியத்தையும் அமிலம் அரித்துக்கொண்டு போனது. 1990-இல் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்திய பிறகு மழை தேறியது. மண் தேறவில்லை. 1999 அக்டோபரில் ஹெலிகாப்டர் மூலம் ஒரு சரிவு முழுக்கக் கால்சியம் சிலிக்கேட் குருணையைத் தூவிப் பார்த்தார்கள். சர்க்கரை மேப்பிள் மரங்கள் தழைத்தன. சிவப்பு ஸ்ப்ரூஸ் மரங்கள் குளிரில் கருகுவது குறைந்தது. ஆனால் அமிலம் தணிந்ததும் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாகி, அந்தக் கறுப்புத் தோலையே வேகமாக மக்கவைத்துக் கரைக்கத் தொடங்கின. பல ஆண்டுகள் கழித்துத்தான் இது அளவையில் பிடிபட்டது. மருந்து பலித்தது, பக்கவிளைவும் வந்தது.

இனி பனிக்காலம். ஜனவரியில் காற்றின் சராசரி வெப்பம் மைனஸ் 9 டிகிரி. ஆனால் காட்டுக்குள் மண் பெரும்பாலும் உறைவதில்லை. மேலே கிடக்கும் பனிதான் அதற்குக் கம்பளிப் போர்வை. 1990-களின் கடைசியில் ஆய்வாளர்கள் சில திட்டுகளில் முன்பனிக்காலம் முழுக்க விழுந்த பனியை அள்ளி அள்ளி வெளியே கொட்டினார்கள். வெறும் தரை ஆழமாக உறைந்தது. நுண்வேர்கள் அறுந்து செத்தன. அவை உறிஞ்ச வேண்டிய நைட்ரேட் நீரோடு போனது. பூமி சூடானால் பனி குறையும், பனி குறைந்தால் மண் குளிரும் என்ற இந்த முரண் 2001-இல் அச்சேறியது. பின்னர் நடந்த இன்னொரு சோதனையில், பனி அகற்றிய திட்டுகளில் சர்க்கரை மேப்பிளின் வளர்ச்சி சுமார் 40 சதவீதம் குறைந்ததாக 2019-இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது.

வெப்பம் கூடினால் குளிர்நாட்டுக் காடுகளுக்கு யோகம்தான் என்று சொல்கிறவர்கள் உண்டு. காற்றை மட்டும் பார்த்துப் போடும் கணக்கு அது. அப்படி யாராவது உங்களிடம் சொன்னால், குளிர்காலத்தில் அந்தக் காட்டு வேரின் கதி என்ன என்று கேளுங்கள்.

(தொடரும்)