நிறம் பிரித்தறியாத கண்ணும் வயல் வேலையும்

விவசாய வேலையில் பாதி, நிறம் பார்த்துச் செய்கிற வேலை. பயிர் வெளிறினால் மேலுரம் இடுகிறோம். கதிர் பழுத்தால் அறுக்கிறோம். தக்காளி சிவந்தால் பறிக்கிறோம். பூச்சி மருந்துப் புட்டியில் உள்ள நிறத்தைப் பார்த்து அதன் விஷக் கடுமையை அறிகிறோம். ஆனால் எல்லாருடைய கண்ணும் நிறங்களை ஒரே மாதிரி பார்ப்பதில்லை.

சிவப்பையும் பச்சையையும் சரியாகப் பிரித்தறிய இயலாதவர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். இதை நிறக்குருடு என்று சொல்வது வழக்கம். பிறந்தது முதல் அப்படியே பார்த்துப் பழகியதால், இவர்களில் பலருக்குத் தம் கண்ணில் இக்குறை இருப்பதே தெரியாது. தெரிந்துகொண்டால் அதற்கேற்ப வேலையை அமைத்துக்கொள்ளலாம். தெரியாமல் இருப்பதில்தான் ஆபத்து உள்ளது.

நிறக்குருடு என்பது என்ன?

குருடு என்ற சொல்லைக் கேட்டு அஞ்ச வேண்டாம். இவர்களுக்குப் பார்வையின் கூர்மை குறைவதில்லை. உலகம் கறுப்பு வெள்ளையாகத் தெரிவதும் இல்லை. அப்படித் தெரிவது மிக மிக அரிது. கண்ணின் உட்புறத்தில் உள்ள விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்பு வடிவ உயிரணுக்கள் 3 வகை உள்ளன. இவற்றுள் ஒரு வகை இல்லாமல் போனாலோ, மாறுபட்டு இருந்தாலோ சில நிறங்கள் ஒன்றுபோல் தோன்றும். பெரும்பாலானவர்களுக்குச் சிவப்பு, பச்சை, பழுப்பு, மஞ்சள் ஆகியவற்றில்தான் குழப்பம் வருகிறது. நீலம் நன்றாகவே தெரியும்.

இக்குறையை முதன்முதலில் விரிவாக எழுதியவர் இங்கிலாந்து நாட்டு விஞ்ஞானி ஜான் டால்டன். அவருக்கும் அவர் சகோதரருக்கும் இக்குறை இருந்தது. பிறர் இளஞ்சிவப்பு என்று சொன்ன ஜெரேனியம் பூ, பகலில் அவர் கண்ணுக்கு நீலமாகத் தெரிந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அதே பூ சிவப்பாகத் தெரிந்தது. இதைக் கண்டு வியந்து ஆராய்ந்து 1794-ல் மான்செஸ்டர் நகரில் கட்டுரை படித்தார். தம் கண்ணுக்குள் உள்ள நீர் நீலமாக இருப்பதே காரணம் என்று அவர் கருதினார். 1844-ல் அவர் இறந்த பின் சோதித்தபோது அது தெளிவாகவே இருந்தது. பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த அவருடைய கண்ணை 1995-ல் மரபணுச் சோதனை செய்ததில், பச்சையை உணரும் நிறமி அவருக்கு இல்லை என்பது தெரிய வந்தது.

தாய் வழி வரும் குறை

இக்குறை தாய் வழியாக மகனுக்கு வருகிறது. சிவப்பு, பச்சை நிறங்களை உணர்த்தும் மரபணுக்கள் எக்ஸ் என்னும் குரோமோசோமில் உள்ளன. ஆணுக்கு அது தாயிடமிருந்து ஒன்றுதான் கிடைக்கிறது. அதில் குறை இருந்தால் ஈடு செய்ய வேறு இல்லை. பெண்ணுக்கு இரண்டு உண்டு. ஒன்றில் குறை இருந்தாலும் மற்றது ஈடு செய்துவிடும். எனவே தாயின் கண் சரியாக இருந்தும் மகனுக்குக் குறை வரலாம். தாய்வழித் தாத்தாவுக்கோ தாய்மாமனுக்கோ இக்குறை இருந்தால், பையன்களையும் சோதித்துப் பார்ப்பது நல்லது.

ஐரோப்பியரிடையே ஆண்களில் 100-க்கு 8 பேருக்கும், பெண்களில் 200-க்கு ஒருவருக்கும் இது காணப்படுகிறது. நம் நாட்டு ஆண்களிடம் பொதுவாக இதைவிடக் குறைவு. இடத்துக்கு இடம் வேறுபடும். பெண்களிடம் இக்குறை அரிது என்பதை விவசாயக் குடும்பங்கள் நினைவில் வைக்க வேண்டும். அதன் பயனைப் பின்னால் சொல்கிறோம்.

பூச்சி மருந்துப் புட்டி

மிக முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதுதான். பூச்சி மருந்தின் லேபிளில் சாய்சதுர வடிவில் ஒரு கட்டம் இருக்கும். அதன் கீழ்ப்பாதியில் உள்ள நிறம் விஷத்தின் கடுமையைக் காட்டும். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். மஞ்சள் என்றால் கடும் விஷம். நீலம் நடுத்தரம். பச்சை என்றால் கடுமை குறைந்தது.

நிறக்குறை உள்ளவருக்கு மஞ்சளும் பச்சையும் ஒன்றுபோல் தோன்றலாம். சிலருக்குச் சிவப்பு மங்கிக் கருமையாகத் தெரியும். கடும் விஷத்தைக் கடுமை குறைந்தது என்று எண்ணிக் கையுறையும் முகமூடியும் இல்லாமல் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

எனவே கட்டத்தின் மேல்பாதியைப் பார்க்க வேண்டும். மண்டை ஓடும் எலும்புகளும் படமாக இருந்தால் அது சிவப்பு வகை. படம் இல்லாமல் ‘பாய்சன்’ என்ற ஆங்கிலச் சொல் மட்டும் இருந்தால் மஞ்சள் வகை. ‘டேஞ்சர்’ என்று இருந்தால் நீலம். ‘காஷன்’ என்று இருந்தால் பச்சை. ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்கள், வாங்கும் கடையிலேயே கேட்டு, புட்டியின் மேல் 1, 2, 3, 4 என்று கடுமையின் வரிசைப்படி எண் எழுதி ஒட்டிக்கொள்ளலாம். எந்த வகையாயினும் பாதுகாப்பு இல்லாமல் மருந்தைக் கையாளக் கூடாது.

பம்ப் செட் ஒயர்கள்

மும்முனை மின்சாரத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றும் மின்சாரம் வரும் ஒயர்கள். கறுப்பு நியூட்ரல். பச்சை எர்த் ஒயர். சிவப்பையும் பச்சையையும் மாற்றி இணைத்துவிட்டால் மோட்டாரின் உடம்பிலேயே மின்சாரம் பாயும். தொட்டவர் பிழைப்பது அரிது. எனவே நிறக்குறை உள்ளவர்கள் ஒயர் இணைக்கும் வேலையில் இறங்கவே கூடாது. உரிமம் பெற்ற ஒயர்மேனைக் கொண்டு செய்ய வேண்டும். அவர் வரும்போதே ஒவ்வொரு ஒயரின் முனையிலும் எழுத்து எழுதிய நாடாவைச் சுற்றித் தரச் சொல்ல வேண்டும்.

இலை வண்ண அட்டை

நெல்லுக்குத் தழைச்சத்து தேவையா என்று பார்க்க இலை வண்ண அட்டை பயன்படுகிறது. நட்ட 14 நாள் முதல் வாரம் ஒரு முறை, காலை 8 மணி முதல் 10 மணிக்குள், மேலிருந்து மூன்றாவதாக உள்ள நன்கு விரிந்த இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். அப்போது வெயில் படாமல் நம் உடம்பின் நிழலில் பார்க்க வேண்டும். 10 இலைகளில் 6 அல்லது அதற்கு மேல் உரிய எண்ணுக்குக் குறைவாக இருந்தால் மேலுரம் இட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு இந்த எண் 3. மற்ற ரகங்களுக்கும் வீரிய ஒட்டு நெல்லுக்கும் 4.

மஞ்சள் கலந்த பச்சையையும் கரும்பச்சையையும் ஒப்பிடும் இவ்வேலையில் நிறக்குறை உள்ளவர் தவறிவிடக்கூடும். யூரியா வீணாகும், அல்லது பயிர் பசித்து நிற்கும். இங்கேதான் வீட்டுப் பெண்களின் கண் உதவுகிறது. மனைவியோ மகளோ அட்டையைப் பார்த்து எண்ணைச் சொல்லட்டும். வாரா வாரம் ஒருவரே பார்ப்பது நல்லது.

இடமும் வடிவமும்

நிறத்தை நம்ப முடியாதவர்கள், குறி தோன்றும் இடத்தையும் வடிவத்தையும் கவனித்துப் பழக வேண்டும். தழைச்சத்து குறைந்தால் அடி இலைகள் முதலில் வெளிறும். இரும்புச் சத்து குறைந்தால் மேலே வரும் இளம் இலைகள் முதலில் வெளுக்கும். சாம்பல் சத்துக் குறைவில் முதிர்ந்த இலையின் நுனியும் ஓரமும் கருகும். நெல்லில் குலைநோய்ப் புள்ளி இருபுறமும் கூர்மையாகக் கண் வடிவில் இருக்கும். செம்புள்ளி நோயில் எள் போன்ற புள்ளிகள் தோன்றும்.

அறுவடையிலும் இவ்வாறே செய்யலாம். வாழைக்காயின் விளிம்பு உருண்டு திரண்டதா, மாங்காயின் தோள் புடைத்ததா, நெல்மணி நகத்தால் அழுத்தினால் கெட்டியாக உள்ளதா என்று பார்க்கலாம். தக்காளி, மிளகாய் ஆகியவற்றைப் பறிக்கவும் தரம் பிரிக்கவும் மற்றவரிடம் விடுவதே மேல். காயும் பழமும் கலந்து சென்றால் மண்டியில் விலை குறையும்.

சோதனையும் சிகிச்சையும்

அரசு மருத்துவமனைகளின் கண் பிரிவில் இதைச் சோதித்துக்கொள்ளலாம். ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917-ல் வெளியிட்ட வண்ணப் புள்ளிப் படங்களைக் காட்டி, அதில் மறைந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்வார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். பிறவியில் வந்த இக்குறையைப் போக்க வழக்கில் மருந்தோ அறுவை சிகிச்சையோ இல்லை. விலை உயர்ந்த வண்ணக் கண்ணாடிகள் சிலருக்கு நிற வேறுபாட்டைச் சற்று எடுத்துக் காட்டலாமே தவிர, குறையைக் குணமாக்குவதில்லை.

டிராக்டர், லாரி ஓட்டுபவர்கள் ஒன்றை அறிய வேண்டும். 2020-ல் செய்யப்பட்ட விதித் திருத்தத்தின்படி, லேசான மற்றும் நடுத்தரமான நிறக்குறை உள்ளவர்களும் ஓட்டுநர் உரிமம் பெறலாம். கடுமையான குறை உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை.

புதிதாக வந்தால் கவனம்

இதுவரை நன்றாகத் தெரிந்த நிறங்கள் நடு வயதில் மங்கினால், அது பிறவிக் குறை அன்று. சர்க்கரை நோய், கண் நீர் அழுத்தம், கண்புரை, கண் நரம்புக் கோளாறு இவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். காச நோய்க்குத் தரப்படும் எதாம்புட்டால் என்னும் மாத்திரை சிலருக்குக் கண் நரம்பைப் பாதித்துச் சிவப்பு, பச்சை நிறங்களை மங்கச் செய்வதுண்டு. அம்மாத்திரை சாப்பிடுபவர்கள் நிறத்தில் மாற்றம் கண்டால், தாமாக மருந்தை நிறுத்திவிடாமல், அன்றே டாக்டரிடம் தெரிவிக்க வேண்டும். உரிய காலத்தில் சொன்னால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்ற முடியும்.

பள்ளி செல்லும் பையன் இலைக்குப் பழுப்பு வண்ணம் தீட்டினாலோ, காயையும் பழத்தையும் கலந்து பறித்து வந்தாலோ கவனக்குறைவு என்று அடிக்க வேண்டாம். முதலில் அவன் கண்ணைச் சோதித்துப் பாருங்கள். குறை இருந்தால், மருந்துப் புட்டியையும் மின்சார ஒயரையும் பற்றி அவனுக்கு இப்போதே விளக்கிச் சொல்லி வையுங்கள்.