ஆற்றுக்கும் கடலுக்கும் ஒரே படகு

ஆறு, உப்பங்கழி, கரையோரக் கடல் மூன்றிலும் ஓட ஒரே மோட்டார் படகு வேண்டுமென்றால், அதைத் தேர்வு செய்வது ஆற்றை வைத்துமல்ல, கடலை வைத்துமல்ல. இரண்டும் சந்திக்கும் முகத்துவாரத்தை வைத்துத்தான். புதுச்சேரிக்குத் தெற்கே சங்கராபரணி ஆறு, அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என்று பிரிந்து கடலில் கலக்கிறது. சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்வதால், வாயில்களில் திட்டுகள் உருவாகின்றன. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுக வாயிலைத் தூர்வாரச் சொல்லி மீனவர்கள் அடிக்கடி குரல் எழுப்புவது இதனால்தான். திட்டின் மேல் நீர் ஆழம் குறையும். அங்கே அலை செங்குத்தாக எழுந்து உடையும். வற்றத்தின்போது ஆற்றுநீர் வெளியே பாய, எதிரே கடற்காற்று வீசினால் அலை இன்னும் கூர்மையாகும்.

படகின் அடிப்பாகம்தான் முதலில் பார்க்க வேண்டியது. தட்டையான அடி கொண்ட படகு முழங்கால் நீரிலும் மிதக்கும், ஆள் எழுந்து நடந்தாலும் அதிகம் சாயாது. கடலுக்குப் போனால் ஒவ்வோர் அலையிலும் அறைந்து விழும். ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல 20 பாகைக்கு மேல் சரிந்த அடி அலையை வெட்டிக்கொண்டு போகும். ஆனால் மெதுவாக ஓடும் கழியில் இருபுறமும் உருளும், நேர்கோட்டில் நிற்காது, ஆழமும் அதிகம் கேட்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட வடிவம், அதாவது அணியத்தில் கூர்மையாகத் தொடங்கிப் பின்புறம் 12 முதல் 18 பாகை வரை தணியும் அடிதான் இங்கே பொருந்தும். அணியம் உயர்ந்திருக்க வேண்டும். தளத்தில் ஏறிய நீர் தானாக வடிந்து வெளியேற வழியும், நீர் நிரம்பினாலும் மூழ்காதபடி மிதவை நுரையும் அவசியம்.

இறக்குமதிப் படகுகளில் ஐரோப்பியத் தரப்பிரிவு பொறித்திருக்கும். ‘டி’ வகை 0.3 மீட்டர் அலைக்கானது. சுண்ணாம்பாற்றோடு அதன் எல்லை முடிந்தது. ‘சி’ வகை 2 மீட்டர் அலைவரை தாங்கும். விற்பவர் எவ்வளவு சொன்னாலும் இதில் பேரம் கூடாது.

இயந்திரத்தில் கவனிக்க வேண்டியது குதிரைத்திறனை விட, விசிறியைத் தூக்க முடியுமா என்பதே. உள்ளே பொருத்திய இன்ஜினில் விசிறித்தண்டு அடியிலேயே நிலையாக இருக்கும். மணல்திட்டில் முதலில் இடிபடுவது அதுதான். பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரைச் சாய்த்து உயர்த்தலாம். இந்தக் கரையின் பைபர் படகுகளில் நீண்ட தண்டோடு பொருத்தப்படும் டீசல் இன்ஜினும் அதே தேவைக்கு மீனவர்கள் கண்ட விடை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், மணற்கரையில் ஏறி இறங்கும் படகுகளுக்காக இன்ஜின், தண்டு, விசிறி மூன்றையும் சேர்த்துத் தூக்கும் அமைப்பை உருவாக்கியது. பெட்ரோல் இன்ஜின் என்றால் ஓர் எச்சரிக்கை: அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் தேங்கும். கிளப்புமுன் காற்றோட்டம் தர வேண்டும். எரிபொருளில் மூன்றிலொரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு கைவசம் என்பது கடலோடிகளின் பழைய கணக்கு.

நீர் மாறுவதால் வரும் சிக்கல் ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. உலோகப் பாகங்கள் அரிக்காமல் இருக்க, தங்களைத் தேய்த்துக்கொள்ளும் பலி உலோகத் துண்டுகள் படகில் பொருத்தப்படுகின்றன. உப்புநீருக்குத் துத்தநாகம் ஏற்றது, நன்னீருக்கு மக்னீசியம். இரண்டிலும் ஓடும் படகுக்கு அலுமினியத் துண்டே சரி.

புதுச்சேரியின் கோரிமேடு மேட்டுநிலம். படகை அங்கே வீட்டில் நிறுத்துபவர், அதை நீரில் இறக்க டிரெய்லரில் ஏற்றி, திண்டிவனம் சாலையிலிருந்து நகரத்தைத் தாண்டிக் கடலூர் சாலையிலுள்ள நோணாங்குப்பத்துக்கு வர வேண்டும். எனவே ஏறக்குறைய 6 மீட்டருக்கு மேல் நீளம் தொல்லைதான். ஆனால் வீட்டில் நல்ல தண்ணீரை ஓட்டி இன்ஜினின் உப்பைக் கழுவ முடிவது ஒரு வசதி.

உள்நாட்டு நீரில் ஓட 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவு வேண்டும். கடலுக்கு வேறு விதிகள் உண்டு. உயிர்காப்பு உடைகளோடு, 16ஆம் அலைவரிசையில் பேசும் வி.எச்.எஃப். வானொலியும் படகில் இருக்கட்டும். கைப்பேசி எட்டும் தொலைவில் கடலோரக் காவல்படையின் உதவி எண் 1554. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவக்காற்றும் புயல்களும் வரும் காலத்தில், இந்த அளவுப் படகு கழியோடு நிற்பதே நல்லது.